ஆபீசர் ஐயாவின் இடது தாடை

ஏழு வருஷம் நான் ஒருவருக்குத் தினமும் காலையில் சவரம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, தீபாவளியும் உண்டு. என் அப்பா இறந்து மூன்றாம் நாளும் போனேன். சாவு வீட்டுக்காரன் கத்தி எடுக்கக்கூடாது என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவர் போனில், "எங்களுக்குத் தீட்டெல்லாம் கிடையாதுலே. ஆறரைக்கு வந்துரு" என்றார். போய்விட்டேன். முடியாது என்று யாரிடமும் எனக்குச் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றதும் அதனால்தான். ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும், அங்கே தெரியாத ஆட்களோடு பேச வேண்டும். அதற்குப் பயந்து அப்பாவின் சலூனிலேயே இருந்துகொண்டேன்.

அவர் விமானப்படையில் சண்டை விமானம் ஓட்டியவர். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகனாகப் பிறந்து, இருபது வயதில் வடக்கே போய், ஐம்பது தாண்டி விங் கமாண்டராகத் திரும்பி வந்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ஆபீசர் ஐயா. அவர் மனைவி, புருஷன் மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அவரை டீச்சரம்மா என்போம். பிள்ளைகள் இல்லை. நான் பேட்டையிலிருந்து மொபெட்டில் ஆற்றுப் பாலம் தாண்டிப் போவேன். ஆறரை என்றால் ஆறரை. ஆறு முப்பத்திரண்டுக்குப் போனால் கதவைத் திறக்கமாட்டார். உள்ளே அவர் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரியும். நான் வெளியே நிற்பது அவருக்கும் தெரியும். எட்டு மணிக்கு டீச்சரம்மா பால் பாத்திரம் எடுக்க வரும்போதுதான் உள்ளே போக முடியும்.

முதல் நாளே ஒரு பரீட்சை வைத்தார். சவரம் முடிந்ததும் மெல்லிய மஸ்லின் துணி ஒன்றை எடுத்துக் கன்னத்தில் மேலிருந்து கீழே இழுத்தார். தாடை ஓரத்தில் நூல் லேசாக மாட்டியது.

"இன்னொரு தடவை."

மறுபடி நுரை போட்டு இழுத்தேன். மறுபடி மாட்டியது. மூன்றாவது தடவையில் தோல் சிவந்து புள்ளி புள்ளியாக ரத்தம் வந்த பிறகுதான் துணி வழுக்கியது. அவருக்கு எரிந்திருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"எதுக்குன்னு கேக்கமாட்டியாலே?"

நான் தலையை ஆட்டினேன். கேட்பேன் என்றா, கேட்கமாட்டேன் என்றா என்று எனக்கே தெரியாது.

அவரே சொன்னார். விமானம் போகிற உயரத்தில் மூச்சுக்குக் காற்று போதாது. மூக்கையும் வாயையும் மூடி ஒரு ரப்பர் முகமூடி மாட்டுவார்கள், அது வழியாகத்தான் மூச்சு. கன்னத்தில் ஒரு நாள் முடி இருந்தாலும் ரப்பர் தோலோடு ஒட்டாது, காற்று கசியும். "கசிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? வலிக்காது. முதல்ல நகம் நீலமாகும். அப்புறம் சந்தோஷமா இருக்கும். ஒருத்தன் ரேடியோவில பாட்டுப் பாடிக்கிட்டே மலையில போய் மோதினான். நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தோம். நல்லாவே பாடினான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு வலது காது கேட்காது, எஞ்சின் சத்தத்தில் போனது. அதனால் எப்போதும் கத்தித்தான் பேசுவார், சிரிப்பும் கத்தல்தான்.

வேலையை விட்டு வந்து இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் துணியை விடவில்லை. என்றைக்காவது கீறல் விழுந்தால் அதற்குத் தண்டனை உண்டு. நுரைக் கிண்ணத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்து நிற்க வேண்டும். அவர் பேப்பரின் முதல் பக்கத்தைப் படித்து முடிக்கும்வரை. சிந்தினால் இரண்டாவது பக்கம். "படையில இத விடப் பெரிசு பெரிசா உண்டு. இது பச்சப்புள்ளைக்குக் குடுக்கது" என்பார். எனக்கு அப்போது நாற்பத்தி மூன்று வயது. என் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்குப் போய் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஏன் போனேன் என்று கேட்கலாம். விமானக் கதைகளைக் கேட்கப் போனேன் என்று சொன்னால் பாதி உண்மை. அவர் பேச ஆரம்பித்தால் என் கை தானாகப் பையப் பையப் போகும். விமானம் தீப்பிடித்து, இருக்கையோடு வெளியே தூக்கி எறியப்பட்டு, முதுகெலும்பு நசுங்கி அவர் உயரம் ஒரு அங்குலம் குறைந்துபோனது. டாக்டர் அளக்கும்போது குதிகாலை யாருக்கும் தெரியாமல் தூக்கி நின்று அந்த அங்குலத்தை ஈடுகட்டியது. வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்த மருத்துவப் பரிசோதனைதான் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு எதிரியை விடப் பயம். ஒரு டாக்டர் ஒரு வரி எழுதினால் போதும், ஆளைத் தரையில் உட்கார வைத்துவிடுவார்கள், அப்புறம் ஆபீஸ் பைலைத்தான் புரட்ட வேண்டும். அதனால் கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரியை ஒருவருக்கொருவர் மனப்பாடம் செய்துகொடுப்பார்களாம். காய்ச்சலா, காது வலியா, தலை சுற்றலா, எதையும் டாக்டர் காதில் போடக்கூடாது. கூட இருப்பவனும் போடக்கூடாது.

"காட்டிக் குடுக்கவன் பைலட் இல்ல. அவன் கூட எவனும் சாப்பிட உக்காரமாட்டான்."

இதற்கு ஒரு கதை உண்டு. ஒரு தடவைதான் சொன்னார். ஒரே அறையில் அவரோடு தங்கியிருந்த நண்பருக்கு மேகத்துக்குள் போனால் தலை சுற்ற ஆரம்பித்தது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை என்று ஐயாவிடம் மட்டும் சொன்னார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஐயா சத்தியம் செய்தார், சொல்லவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து அந்த நண்பர், பின் இருக்கையில் பயிற்சிக்கு வந்த ஒரு பையனை ஏற்றிக்கொண்டு போய் விமானத்தை ஒரு நிலக்கடலை வயலில் செருகிவிட்டார். பொறுக்கி எடுத்ததை இரண்டு பெட்டியில் பிரித்துப் போட்டு, தூக்குகிறவர்களுக்குச் சந்தேகம் வராமலிருக்க எடைக்கு மணல் சேர்த்தார்கள்.

"விசாரணையில உங்கள்ட்ட கேக்கலியா ஐயா?" அந்த ஏழு வருஷத்தில் நானாகக் கேட்ட இரண்டு மூன்று கேள்விகளில் அது ஒன்று.

"கேட்டாங்க. அவனுக்கு ஒண்ணும் கிடையாது, திடமா இருந்தான்னு சொன்னேன். கன்ட்ரோல் அந்தப் பையன் கையில இருந்திருக்கும்னு எழுதி முடிச்சுட்டாங்க. பையனோட அப்பா ரயிலேறி வந்தாரு. எம் மகன் என்ன தப்புப் பண்ணினான்னு ஒவ்வொருத்தர்ட்டயா கேட்டுக்கிட்டு நின்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பெட்டியை ஏத்த ஒரு கை புடிச்சேன்." பிறகு, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இழு. மாட்டும்" என்றார்.

அந்த இடது பக்கத்தில்தான் ஒரு பங்குனி மாதக் காலையில் அது என் விரலில் பட்டது. தாடை எலும்புக்குக் கீழே, தோலை இழுத்துப் பிடிக்கும்போது கட்டைவிரல் வைக்கிற இடத்தில். புளியங்கொட்டை அளவு. அமுக்கினால் நகரவில்லை. வலிக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன், வலித்த மாதிரி இல்லை. எங்கள் வேலையில் வலிக்கிற கட்டிக்குப் பயப்படமாட்டோம். வலிக்காத, நகராத கட்டிதான் கெட்டது. அப்பா கடையில் இரண்டு பேருக்கு அப்படிப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை.

"ஐயா, இங்கன ஒரு கட்டி மாதிரி..."

என் மணிக்கட்டைப் பிடித்தார். கத்தி அவர் கழுத்துக்கு இரண்டு விரல் தூரத்தில் நின்றது.

"தோலுக்கு மேல இருக்கது உன் வேலை. கீழ இருக்கது என் வேலை. புரியுதா?"

"சரிங்கய்யா."

"டீச்சருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா நீ சொல்லித்தான் தெரிஞ்சிருக்கும். உன்னை இந்தத் தெருவுலயே ஒருத்தன் வீட்டுக்குள்ள விடமாட்டான்."

அவருக்கு அது ஏற்கெனவே தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு முன்பே தடவிப் பார்த்திருக்கிறார். இனி அவரை எந்த விமானத்திலிருந்தும் யாரும் இறக்க முடியாது. வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறவர். ஆனாலும் டாக்டர் என்றால் அவருக்கு அந்த ஒரு வரி எழுதுகிற ஆள்தான். அன்றிலிருந்து வீட்டிலும் கழுத்துப் பட்டன் போட்ட சட்டைதான். சித்திரை வெயிலில், மின்விசிறிக் காற்றே கொதிக்கிற அறையில், கழுத்து வரை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டீச்சரம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவைக்கு நாள் கேட்டுக் காத்திருந்தார்கள். புருஷன் தாடையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தாலும் தெரிந்திருக்காது.

என் மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"அந்த அம்மாகிட்டச் சொல்லிருங்க. பாவம், அவரு போனா ஒத்தையில கெடந்து சாவாக" என்றாள்.

"சொல்லக்கூடாதுன்னுட்டாரு."

"அவரு சொன்னா? அவரு என்ன கலெக்டரா? உசுரு போற காரியம்லா?"

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்கதான் தெனமும் அதைத் தொட்டுட்டு வாறீங்க."

ஆனியில் சாரல் மழை தொடங்கியபோது அது நெல்லிக்காய் அளவு. அந்த நாட்களில் ஒரு காலை, ஐயாவோடு வேலை பார்த்த இரண்டு பேர் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்தார்கள். இருவரும் காபியோடு பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். கட்டி அவர்கள் கண்ணில் படாமலிருக்க இடது உள்ளங்கையால் மறைத்துப் பிடித்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றுவது என் வேலை என்று நினைத்தேன். மறைத்துப் பிடித்த கையால் தோலைச் சரியாக இழுக்க முடியவில்லை. கீறிவிட்டேன். ரத்தம் ஒரு கோடாக இறங்கிச் சட்டைக் கழுத்தில் ஊறியது.

வந்தவர்களில் தடித்தவர் சிரித்தார். "எதிரியால முடியாததை உங்க ஊர்க்காரன் செஞ்சுட்டான்."

ஐயாவும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "எடுலே" என்றார்.

நான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, கையை நீட்டி நின்றேன். அன்றைக்குப் பேப்பர் இல்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை என்றார். அவர்கள் ஒரு பழைய தளத்தைப் பற்றியும், யாருடைய மனைவியோ யாரோடோ போனதைப் பற்றியும் பேசினார்கள். தடித்தவர் நடுவில் பிஸ்கட் ஒன்றை எடுத்து என் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார். தண்ணீர் விளிம்பு தாண்டி என் பாதத்தில் சொட்டியது.

"சிந்திட்டாம்பா."

"அப்போ இன்னொரு காபி சொல்லணும்" என்றார் ஐயா. சமையலறையைப் பார்த்து, "இன்னொரு காபி!" என்று கத்தினார்.

தோளில் எரிந்து, பிறகு கை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போனது. டீச்சரம்மா காபி கொண்டுவந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு நான் ஒரு நிழலாகத் தெரிந்திருப்பேன். "என்னப்பா, நிக்க? உக்காரேன்" என்றார்கள். மூன்று பேரும் வெடித்துச் சிரித்தார்கள். டீச்சரம்மாவுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. தாங்களும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை சவரம் முடித்து மொபெட்டை எடுக்கும்போது டீச்சரம்மா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தார்கள். உள்ளே ஐயா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, ஒன்னு கேக்கட்டா? அவங்க இப்பல்லாம் சாப்பிட ரொம்ப நேரம் எடுக்காங்க. முழுங்கும்போது தொண்டையைப் புடிச்சுக்கிடுதாங்க. கேட்டா எரிஞ்சு விழுதாங்க. எனக்குக் கண்ணும் சரியில்ல. நீதான் கிட்டக்க இருந்து முகத்தைப் பாக்க. எதுவும் தெரியுதா உனக்கு?"

கேட்டின் கம்பியைப் பிடித்திருந்த அவர்கள் கை எனக்கு இப்போதும் தெரிகிறது. நகத்துக்குள் மஞ்சள் இருந்தது, மீன் குழம்புக்கு அரைத்திருப்பார்கள்.

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்காங்க."

"நிசமாவா?"

"ஆமாம்மா."

"ஆண்டவருக்குத் தோத்திரம்" என்றார்கள். கொஞ்சம் நிற்கச் சொல்லி, தடவித் தடவிப் போய்ப் பின்னாலிருந்து நாலு முருங்கைக்காய் பறித்து வந்து மொபெட் பையில் வைத்தார்கள். அன்றைக்கு அதைத்தான் எங்கள் வீட்டில் குழம்பு வைத்தோம். ருசியாக இருந்தது.

பயத்தில் சொல்லவில்லை என்றுதான் மனைவியிடம் சொன்னேன். பயம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் கேட்டுக்கு முன்னால் நின்ற அந்த நிமிஷம் எனக்குப் பயமாக இல்லை. என் தோள் வலித்துக்கொண்டிருந்தது. இருக்கட்டும் என்று ஒரு சொல் உள்ளே இருந்தது. அவ்வளவுதான். அதை அழகுபடுத்தி எழுத எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அதைத் தொடும்போது எனக்குப் பதற்றம் இல்லை. தினமும் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பேன். போன மாதம் கட்டைவிரலின் பாதி வரை இருந்தது, இந்த மாதம் முக்கால்வாசி. அவர் சத்தம் போடும்போதெல்லாம் விரல் அங்கே போகும். அவருக்கும் நான் அளக்கிறேன் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டே, "எவ்வளவு?" என்றார்.

"நெல்லிக்காய்க்கு மேல ஐயா."

"ம்" என்றார். மஸ்லின் துணியை எடுத்தார். மாட்டவில்லை.

ஐப்பசி மழையில் அவர் குரல் உடைந்தது. கத்திப் பேசிய மனுஷன் காற்று மாதிரிப் பேசினார். அப்போதும் ஜலதோஷம் என்று சுக்குத் தண்ணீர் குடித்தார். கார்த்திகையில் ஒரு நாள் சாப்பிடும்போது சோறு அடைத்து மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன ஆட்களில் நானும் ஒருவன். மருத்துவர் இளவயதுக்காரர். சட்டைப் பட்டனைக் கழற்றிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இது நேத்து வந்தது இல்லயே. எட்டு மாசமாவது வெளிய தெரிஞ்சிருக்கும். வீட்ல யாருமே பாக்கலையா?"

டீச்சரம்மா கையை நீட்டித் தடவினார்கள். விரல் அதன் மேல் பட்டதும் கையை உதறி எடுத்துக்கொண்டார்கள். நான் சுவரோரமாக நின்றுகொண்டேன்.

கழுத்தில் துளை போட்டு, குழாய் வைத்து அனுப்பினார்கள். அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். குரல் இல்லை. பேசுவதற்குச் சிலேட்டும் குச்சியும் வாங்கிக் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் என்னை வரச் சொல்லி ஆள் வந்தது. சபையிலிருந்து பார்க்க வருகிறார்கள், தாடியோடு இருக்கமாட்டேன் என்று எழுதிக் காட்டியிருக்கிறார்.

போனேன். கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்திருந்தார். டீச்சரம்மாவின் அண்ணன் ஒருவரும் அங்கே உட்கார்ந்திருந்தார். குழாயைச் சுற்றித் துணி வைத்து, வலது கன்னத்தை முடித்து, இடது கன்னத்துக்கு நுரை போட்டேன். அப்போது அந்த அண்ணன் கேட்டார்: "ஏம்பா, நீ தினமும் வந்து சவரம் பண்ணினவன்தான? உன் கையில படாமலா இருக்கும்?"

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் சிலேட்டை எடுத்தார். பல வருஷம் தமிழ் எழுதாத கை, பெரிய பெரிய எழுத்து. எழுதி, அண்ணனிடம் நீட்டினார். அவர் சத்தமாக வாசித்தார்.

"இவனுக்குத் தெரியும். சொல்லவில்லை."

டீச்சரம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள். ஒரு கண்ணில் புரை எடுத்து இப்போது பார்வை வந்திருந்தது.

"கேட்டுல வச்சு உன்கிட்டக் கேட்டேனே. கேட்டேனா இல்லையாப்பா?"

"கேட்டீங்கம்மா."

"அன்னைக்கு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவர்தான் சொல்லாதே என்றார் என்று ஒரு வார்த்தை போதும். வாய் வரை வந்தது. ஐயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், சிலேட்டு மடியில். எழுதினது பொய்யில்லை. அதனால்தான் என் வாய் திறக்கவில்லை.

"நீயெல்லாம் ஒரு மனுஷனாலே?" என்று அண்ணன் எழுந்தார். டீச்சரம்மா அவரைத் தடுத்தார்கள். "பாதி முகத்துல நுரை இருக்கு. முடிச்சுட்டுப் போகட்டும்" என்றார்கள். அழுகையை அடக்க முடியாமல் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்கள்.

நாங்கள் இரண்டு பேரும்தான். நான் கட்டியைச் சுற்றி மெதுவாக இழுத்தேன். தோல் மினுமினுவென்று இருந்தது, முடி முளைப்பதுகூட அங்கே நின்றுவிட்டது. கழுத்துத் துளையிலிருந்து மூச்சு என் மணிக்கட்டில் சூடாகப் பட்டது.

"நீங்கதான ஐயா சொல்லாதன்னு சொன்னீங்க?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் இடது காதில் விழுந்திருக்கிறது. சிலேட்டில் இருந்ததைக் கையால் துடைத்துவிட்டு எழுதினார். அண்ணன் வாசித்ததைப் போல வேகமாக எனக்கு வாசிக்க வராது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

"சொல்லியிருக்கணும்."

அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. குழாய் வைத்தவர்களுக்குச் சும்மாவே கண்ணில் தண்ணீர் வரும் என்று பிறகு சொன்னார்கள். வெளியே காலடி கேட்டதும் அதையும் பெருவிரலால் அழித்து, சிலேட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

டீச்சரம்மா வந்து வாசலிலேயே நின்றார்கள். "முடிஞ்சதாப்பா? நாளையில இருந்து நீ வராத" என்றார்கள்.

ஐயா அதற்குச் சரி என்று தலையை ஆட்டினார்.